தேய்த்துச் சிவந்த கன்னம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓவியக் கல்லூரியில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கருத்தரங்கக் கட்டுரைக்குச் சீனாவின் ‘அரசியல் பாப்’ ஓவியங்களை, அதாவது புரட்சிப் பிரச்சாரப் படங்களை எடுத்துப் புதிதாக வரைந்தவற்றை, எடுத்திருக்கிறேன். வாங் குவாங்யியின் கோகோ கோலா ஓவியத்தை முதன்முதலாகப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். தொழிலாளி, விவசாயி, சிப்பாய் மூவரும் விறைப்பாக நின்று செங்கொடிக் கம்பத்தைப் பிடித்திருக்கிறார்கள், பக்கத்திலேயே கோகோ கோலா என்று பெரிய எழுத்து. கம்யூனிசம், முதலாளித்துவம் என்ற இரண்டு எதிரிகளையும் ஒரே படத்தில் போட்டுக் கிண்டல் செய்துவிட்டார் என்று கட்டுரையைத் தொடங்கியிருக்கிறேன். வரைவை இதோடு இணைத்திருக்கிறேன்.

எனக்குச் சில சந்தேகங்கள். பழைய பிரச்சாரப் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தது எப்படிக் கலையாகும்? இவை உண்மையான எதிர்ப்பா, அல்லது வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவார்கள் என்று வரைந்த சரக்கா? தமிழில் ஏன் இப்படி யாரும் வரைவதில்லை? நேரமிருந்தால் எழுதுங்கள்.

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் ஊரில் இருந்தேன். என் தாய்மாமன் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, எதை வைத்துக்கொள்வது எதைக் கொடுத்துவிடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அடியில் சுருட்டி நூல் கட்டிய ஒரு சீனப் படம் கிடந்தது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

சின்னவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ‘பார்த்து வரைந்தது எப்படிக் கலை’ என்பது முதுகலை இரண்டாம் ஆண்டில் கேட்கிற கேள்வி இல்லை. மாவோ 1966இல் தொடங்கி அவர் இறக்கும்வரை நடந்த கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் தொழிற்சாலைக் கரும்பலகையிலும் கம்யூன் சுவரிலும் வரைவதற்காக மாதிரிப் புத்தகங்களே அச்சிட்டுக் கொடுத்தார்கள். முஷ்டி உயர்த்திய தொழிலாளி, துப்பாக்கியோடு சிப்பாய், கதிர்க் கட்டோடு விவசாயி. யார் வேண்டுமானாலும் பார்த்து வரையலாம், வரைய வேண்டும். நகலெடுக்கப்படுவதற்காகவே பிறந்த படங்கள் அவை. அவற்றை நகலெடுத்தார் என்று ஒருவர்மேல் குற்றம் சொல்வதில் பொருள் இல்லை. தமிழில் ஏன் இல்லை என்பதை இன்னொரு நாள் பேசலாம்.

‘வெளிநாட்டாருக்காக வரைந்த சரக்கா’ என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. 1993 ஜனவரியில் ஹாங்காங்கில் இந்த ஓவியங்களுக்குப் பெரிய கண்காட்சி, அதே ஆண்டு வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி. அதற்குப் பிறகு மாவோவின் முகத்தை எந்த நிறத்தில் வரைந்தாலும் வாங்க ஆள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் வந்தவற்றில் பெரும்பகுதி குப்பைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். ‘கோகோ கோலா’ அடங்கிய அந்த வரிசையை வாங் குவாங்யி தொடங்கியது 1990இல். 1989 ஜூனில் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கிய பிறகு புதிய ஓவியத்துக்கு அங்கே எல்லாக் கதவும் மூடியிருந்தது. இந்த ஓவியர்களைப் பற்றி எழுதிவந்த ‘சீன நுண்கலைச் செய்தி’ இதழ் 1989 முடிவில் நின்றுபோனது. சீனத் தலைவர் தெங் சியாவ்பிங் தெற்கே பயணம் போய்ச் சந்தையை மீண்டும் முடுக்கிவிட்டது 1992 தொடக்கத்தில். 1990இல் அப்படி ஒரு படத்தை வரைந்தவருக்கு வாங்குபவர் வருவார் என்ற உறுதி எதுவும் இல்லை. பின்னால் விலை ஏறியது என்பதற்காக, வரைந்த அன்றைய நாளை நாம் மாற்றி எழுதக் கூடாது. கட்டுரையில் ஆண்டுகளைச் சரியாகப் போடுங்கள், இந்தச் சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும்.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். கிண்டல்.

உங்கள் கட்டுரையின் முதல் வரியிலேயே இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். வேறு எந்தப் பிழையை வேண்டுமானாலும் மன்னித்துவிடுவேன், இதை மட்டும் விட மாட்டேன். ஒரு படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வருவது இயல்பு. சிரிப்பு வந்ததாலேயே வரைந்தவர் கிண்டல் செய்கிறார் என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். நம் வீட்டில் யாராவது வித்தியாசமாக ஒன்று செய்தால் ‘கிண்டல் பண்றான்’ என்று சொல்லி அதோடு யோசிப்பதை நிறுத்திவிடுவோம். அந்தப் பழக்கம்தான் உங்கள் கட்டுரையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாங் குவாங்யி தன் படங்கள் யாருக்கும் எதிரான தாக்குதல் இல்லை, தான் நடுவில் நிற்பதாகவே தொடர்ந்து சொல்லிவந்தவர். அதை அப்படியே நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நீங்கள் ஒரு வரியாவது கேட்டிருக்க வேண்டும்.

அவர் 1957இல் ஹார்பினில் பிறந்தவர், ரயில்வே தொழிலாளியின் மகன். கலாச்சாரப் புரட்சி தொடங்கும்போது ஒன்பது வயது. கிராமத்துக்கு அனுப்பப்பட்டு வயலில் வேலை செய்தார், பிறகு தானும் ரயில்வேயில் வேலை பார்த்தார், பலமுறை தேர்வெழுதித் தோற்று, கடைசியில் 1980இல் ஹாங்சோவில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தச் சிறுவனுக்கு ஓவியம் என்றால் என்ன என்று கண்ணில் காட்டியவை தெருவில் ஒட்டியிருந்த அந்தப் படங்கள்தான். வேறு படமே இல்லாத ஊரில் வளர்ந்தவர் அவர். முதன்முதலில் பார்த்த படங்களை ஒருவர் வெறுக்கலாம், பயப்படலாம், ஏங்கலாம். வெறுமனே கிண்டல் செய்துவிட்டுப் போவது அவ்வளவு சுலபம் இல்லை.

அந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர் ‘தா பிபான்’. நீங்கள் ‘மாபெரும் விமர்சனம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். நம் காதில் அது சினிமா விமர்சனம்போல ஒலிக்கிறது. கலாச்சாரப் புரட்சியில் அந்தச் சொல்லுக்குப் பொருள், ஒரு மனிதனைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி, தலை குனியவைத்து, அவன் குற்றங்களை உரக்கப் படிப்பது. ‘கண்டனம்’ என்று போடுங்கள், அப்போதுதான் அதன் பயம் கொஞ்சமாவது தெரியும்.

அவருடைய இன்னொரு ஓவியத்தை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 1989 பிப்ரவரி 5ஆம் தேதி பெய்ஜிங் தேசிய ஓவியக்கூடத்தில் புதிய ஓவியர்களின் கண்காட்சி தொடங்கியது. ‘திரும்பக் கூடாது’ என்ற போக்குவரத்துக் குறிதான் அதன் சின்னம். முதல் நாளே சியாவ் லூ என்ற பெண் ஓவியர் தன் படைப்பைத் தானே கைத்துப்பாக்கியால் சுட, சில மணி நேரத்தில் கண்காட்சியை மூடினார்கள். அங்கேதான் வாங் குவாங்யியின் மாவோ இருந்தார். எல்லோரும் அறிந்த அதே முகம், சாம்பல் நிறத்தில், மூன்று பெரிய துணிகளில். முகத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புக் கட்டங்கள். அந்தக் கட்டங்களைச் சிறைக் கம்பி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள், தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை முதன்முதலாக ஒரு புத்தகத்தில் பார்த்தபோது எனக்குச் சிறை நினைவுக்கு வரவில்லை. மாமாதான் நினைவுக்கு வந்தார்.

மாமா சுவர் விளம்பரம் எழுதுபவர். விருத்தாசலத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் சாலையோரச் சுவர்களில் பாதி அவர் கைபட்டவை. சோப்பு, பீடி, உரம், பல்பொடி, தேர்தல் வந்தால் சின்னம், தலைவர்களின் முகம். முகம் எழுதும் நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார், நூல் பிடிக்க ஆள் வேண்டும். தலைவரின் சின்னப் படம் ஒன்றில் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருப்பார். சுண்ணாம்பு காய்ந்த சுவரில் நீலப் பொடி தடவிய நூலை ஒரு முனையில் நான் பிடிக்க, மறுமுனையை அவர் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டுவார். ‘டப்’ என்று ஒரு சத்தம், சுவரில் நீலக் கோடு. இப்படி மேலும் கீழும் இருபது முப்பது கோடுகள். அப்புறம் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக் கரியால் வரைவார். மூக்கு எது, காது எது என்று பக்கத்தில் நின்றால் தெரியாது. சாலையின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால் முகம் வந்திருக்கும். வண்ணம் காய்ந்த பிறகு ஈரத்துணியால் நீலக் கோடுகளைத் துடைத்து எடுப்பார். ஒரு கோடு மிச்சம் இருந்தாலும் விட மாட்டார். “கட்டம் தெரிஞ்சா தலைவர் தெரிய மாட்டார்” என்பார்.

வாங் குவாங்யி செய்தது இதுதான். துடைக்க வேண்டிய கட்டத்தைத் துடைக்காமல் விட்டார், போதாததற்கு அதைச் சிவப்பில் போட்டார். மாமா சொன்னதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கட்டம் தெரியும்போது தலைவருக்குப் பின்னால் இருக்கிற வேலை தெரிகிறது. இந்த முகத்தை யாரோ அளந்து, பிரித்து, பெரிதாக்கி ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. தியானன்மென் வாசலில் இருக்கும் மாவோவின் படம் ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரம். வெயிலிலும் தூசியிலும் வெளுத்துவிடுவதால் ஆண்டுதோறும் அக்டோபர் 1க்கு முன்னால் புதிதாக வரைந்து மாட்டுகிறார்கள். 1977 முதல் பல பத்தாண்டுகள் அந்த வேலையைச் செய்தவர் கே சியாவ்குவாங். சாரத்தில் ஏறி நின்று ஒரே முகத்தை வருடா வருடம் வரைந்தவர். இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்தக் கட்டங்களைப் பாருங்கள். தொழில் தெரிந்தவர் தொழிலைத் திறந்து காட்டியிருக்கிறார்.

இனி உங்கள் ‘இரண்டு எதிரிகள்’. இதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

புரட்சிப் படமும் விளம்பரப் படமும் எதிரெதிர் முகாம்களில் இருந்தன, 1990களில் யாரோ ஓர் ஓவியர் துணிச்சலாக இரண்டையும் ஒட்டவைத்தார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். சீனாவில் அவை ஒரே கையால் வரையப்பட்டவை. உவமைக்காகச் சொல்லவில்லை. ஆள் பெயரோடு சொல்கிறேன்.

ஷாங்காயில் 1949க்கு முன்னால் ‘யுவெஃபென்பாய்’ என்று ஒன்று இருந்தது. நம் ஊர்க் கடைக்காரர்கள் தரும் காலண்டர்போலத்தான். சிகரெட், மருந்து, துணி, சோப்பு விற்கும் கம்பெனிகள் புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். நடுவில் ஒரு அழகி, ஓரங்களில் தேதிகள், கீழே சரக்கின் பெயர். பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி இதற்கென்றே ஓவியர்களை வேலைக்கு வைத்திருந்தது. 1914 வாக்கில் செங் மான்துவோ என்ற ஓவியர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். முகத்தின் மேடு பள்ளங்களைக் கரித்தூளை மெதுவாகத் தேய்த்துக் கொண்டுவருவது, அதன்மேல் நீர்வண்ணத்தை மெல்லிசாக ஏற்றுவது. கோடு எங்கேயும் தெரியாது. கன்னத்துச் சிவப்பு தோலுக்கு உள்ளேயிருந்து வருகிற மாதிரி இருக்கும். பிறகு ஹாங் ஜியிங் இதை ஒரு பட்டறையாகவே நடத்தினார். ஒருவர் உருவத்தைப் போடுவார், ஒருவர் பின்னணி, கடைசித் திருத்தம் ஹாங் ஜியிங்குடையது. அந்தப் பட்டறையில் உருவம் போட்டவர் லி முபாய், பின்னணி போட்டவர் ஜின் ஷுவெச்சென். இந்த இரண்டு பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1949 அக்டோபரில் புதிய அரசு வந்தது. நவம்பரிலேயே கலாச்சார அமைச்சகம் புதிய புத்தாண்டுப் படங்கள் பற்றி ஓர் ஆணை போட்டது. ஒவ்வொரு விவசாயி வீட்டுக் கதவிலும் புதிய செய்தி போய்ச் சேர வேண்டும். ஆனால் கட்சியின் சொந்த ஓவியர்கள், கட்சியின் பழைய தளமான யெனான் குகைகளிலிருந்து வந்த மரச்செதுக்கு ஓவியர்கள், ஏற்கெனவே ஒரு சங்கடத்தைப் பார்த்திருந்தார்கள். அவர்கள் வரைந்த முகங்களில் ஒரு பாதி கறுத்த நிழலாக இருந்தது. கிராமத்து ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை, பாதி முகம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டார்கள். ஜனங்களுக்குப் பிடித்த முகத்தை வரையத் தெரிந்தவர்கள் யார்? ஷாங்காயின் காலண்டர் ஓவியர்கள்தான். அவர்களைக் கூப்பிட்டு, புதிய பாடம் சொல்லிக்கொடுத்து, அரசுப் பதிப்பகத்துக்கு வரையவைத்தார்கள். லி முபாய் வந்தார். ஜின் ஷுவெச்சென் வந்தார். அவர்களைப் போலவே காலண்டர் வரைந்துகொண்டிருந்த ஜின் மெய்ஷெங்கும் வந்தார்.

ஜின் மெய்ஷெங் 1950களில் வரைந்த ஒரு படத்தைத் தேடிப் பாருங்கள். காய்கறி பச்சை, கொடிக்காய் செழிப்பு, விளைச்சல் அதிகம் என்பதுபோல ஒரு தலைப்பு. விளைந்த காய்கறிகளுக்கு நடுவில் ஒரு கூட்டுப்பண்ணைப் பெண். பட்டு உடை போய்ப் பருத்திச் சட்டை வந்திருக்கிறது. விரலிடுக்கில் இருந்த சிகரெட் போய்விட்டது. கன்னம் மட்டும் அதே கன்னம். தேய்த்துச் சிவந்த கன்னம். சரக்கு மாறியிருக்கிறது, ஆசையை எழுப்புகிற விதம் மாறவில்லை.

கலாச்சாரப் புரட்சியில் காலண்டர் ஓவியர்களையே பழைய சமுதாயத்தின் எச்சம் என்று திட்டினார்கள். அப்போதும் ஓவியத்துக்கு வந்த கட்டளை என்ன? ‘சிவப்பு, ஒளி, பளபளப்பு’. தலைவர் முகத்தில் கறுப்பு கூடாது, குளிர்ந்த நிறம் கூடாது, முகம் உள்ளிருந்து ஒளிர வேண்டும். சிகரெட் கம்பெனிக்காரர் தன் அழகிக்குக் கேட்டதும் ஏறக்குறைய இதேதான்.

கோகோ கோலாவும் நீங்கள் நினைக்கிற மாதிரி 1979இல் திடீரென்று வந்து இறங்கிய அந்நியன் இல்லை. 1927இலேயே ஷாங்காயில் அது இருந்தது. ‘கொகோவ் கொலெ’, நாவுக்குச் சுவை, மனதுக்கு மகிழ்ச்சி என்று பொருள் வரும் சீனப் பெயரும் அந்தப் பழைய காலத்திலேயே வைத்தது. அதற்கும் காலண்டர் அழகிகள் இருந்தார்கள். 1949இல் வெளியேறியது, அமெரிக்காவோடு உறவு சீரான 1978 டிசம்பரில் மீண்டும் வருவதாக அறிவிப்பு வந்தது, 1981இல் பெய்ஜிங்கில் பாட்டில் ஆலை. ஆரம்பத்தில் வெளிநாட்டவர் கடைகளிலும் ஓட்டல்களிலும்தான் விற்றார்கள், உள்ளூர்க்காரர் கையில் எளிதில் கிடைக்கவில்லை. சிவப்பு நிறமும் வெள்ளை எழுத்தும் சீனாவுக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே சிவப்பில் வெள்ளை எழுதிய பதாகைகள் ஊரெங்கும் தொங்கிக்கொண்டிருந்தன. வாங் குவாங்யியின் துணியில் அந்த இரண்டு சிவப்பும் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை அந்தப் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மூவரும் பிடித்திருக்கும் கொடிக்கம்பத்தின் அடி ஒரு பேனா முள். கண்டனம் எழுதும் பேனா. துணி முழுக்க முத்திரை குத்தியதுபோல எண்கள் சிதறிக் கிடக்கின்றன. உங்கள் கட்டுரையில் பேனாவும் இல்லை, எண்களும் இல்லை. படத்தை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் இரண்டையும் எழுதியிருப்பீர்கள்.

நீங்கள் கெட்டிக்காரர், ஒரு மறுப்பு சொல்லலாம். ‘வாங் குவாங்யி வடக்கே ஹார்பின்காரர், அவருடைய ஆட்களுக்குத் தடித்த கறுப்புக் கோடு, தேய்த்த கன்னம் எங்கே இருக்கிறது’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. அவருடைய உருவங்கள் காலண்டரிலிருந்து வரவில்லை, மரச்செதுக்கு வழியிலிருந்து வந்தவை. ஆனால் அந்த மரச்செதுக்கு இயக்கத்தின் தொடக்கமும் ஷாங்காய்தான். 1931 ஆகஸ்டில் எழுத்தாளர் லூ சுன் அங்கே ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார், ஒரு ஜப்பானிய ஆசிரியரை அழைத்து வந்து, தானே மொழிபெயர்த்து, ஒரு சின்னக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். அதே நகரத்தில் அதே ஆண்டுகளில் இன்னொரு தெருவில் சிகரெட் காலண்டர்கள் அச்சாகிக்கொண்டிருந்தன.

என் வாதத்துக்கு நேரடிச் சாட்சி வேண்டுமென்றால் ஷாங்காய் ஓவியர்களிடம் போங்கள். யூ யூஹான் 1943இல் அங்கேயே பிறந்தவர். அவருடைய மாவோவின் சட்டையெல்லாம் பூ, பின்னணியெல்லாம் பூ. கிராமத்துப் பருத்தித் துணியிலும் கல்யாணச் சீர்வரிசைத் தெர்மாஸ் குடுவையிலும் இருக்குமே, அந்தப் பூக்கள். எனக்கு இந்த இயக்கத்திலேயே மிகவும் பிடித்தவர் அவர்தான். அவருடைய மாவோவைப் பார்க்கும்போது ஒரு வீட்டுக்குள் நுழைந்த உணர்வு வரும், போர்வை துவைத்துக் காயப்போட்டிருக்கிற வீடு. லி ஷான் ஷாங்காய் நாடகக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அவர் இளம் மாவோவின் வாயில் ஒரு பூவைக் கொடுத்து, முகத்துக்கு ஒரு வகை இளஞ்சிவப்பு தீட்டினார். அந்த வரிசைக்குப் பெயர் ‘யென்ஜி’. கன்னத்தில் பூசும் சிவப்பு. நாடகக்காரர்கள் பூசுவது, காலண்டர் அழகிகள் பூசுவது. இதைவிட வெளிப்படையாக ஓர் ஓவியர் என்ன சொல்ல முடியும்? இவர்கள் எல்லோருக்கும் ‘அரசியல் பாப்’ என்று பெயர் வைத்தவர் விமர்சகர் லி சியாந்திங். வசதியான பெயர், ஆனால் அந்தப் பெயரில் ‘பாப்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோரும் நியூயார்க்குக்கு ஓடுகிறார்கள். நீங்களும் ஓடியிருக்கிறீர்கள். மூன்று பக்கம் அமெரிக்க பாப் ஓவியர் வார்ஹோல், ஷாங்காய்க்கு ஒரு வரிகூட இல்லை. திருப்பி எழுதுங்கள்.

தெருவையும் விட்டுவிட்டீர்கள். 1990களின் தொடக்கத்தில் டாக்சி ஓட்டுநர்கள் மாவோவின் சின்னப் படத்தைக் கண்ணாடியில் தொங்கவிட ஆரம்பித்தார்கள், விபத்து வராது என்று. புரட்சிப் பாட்டுகளைத் தாள இசையோடு பாடிய ஒலிநாடா லட்சக்கணக்கில் விற்றது. ஓவியர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபெங் மெங்போ 1994இல் மாவோவின் கையசைப்பை டாக்சி கூப்பிடுகிற கையாக வரைந்தார். அப்புறம், இளம் மாவோ மலைமேல் நடந்துவரும் அந்தப் புகழ்பெற்ற எண்ணெய் ஓவியம், ‘மாவோ ஆன்யுவானுக்குப் போகிறார்’, லியூ சுன்ஹுவா 1967இல் வரைந்தது. கோடிக்கணக்கில் அச்சாகி வீடு வீடாகப் போன படம் அது. அதன் மூலத்தை 1995இல் ஏலம் விட்டார்கள். வாங்கியது ஒரு வங்கி. சீனக் கட்டுமான வங்கியின் குவாங்சோ கிளை, 60 லட்சம் யுவானுக்கு மேல் கொடுத்து. இதைப் படித்த அன்று நான் நெடுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று உறுதிமொழி சொன்ன கோடிக்கணக்கான பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். இந்த இரண்டும் ஒன்றாக வருவதற்குக் ‘கிண்டல்’ என்று பெயர் வைக்காதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

மாமாவின் பெட்டியில் இருந்த படத்தைப் பற்றிச் சொல்லவில்லையே.

சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 ஆகஸ்ட் 1இல் தொடங்கியது. மாமா அதன் நேயர். சாயங்காலம் வேலை முடிந்து கை கழுவியதும் சிற்றலை வானொலியைத் திருப்புவார். சீனப் பெண்கள் நம்மைவிடச் சுத்தமான தமிழில் பேசுவார்கள். மாமாவுக்கு அரசியல் எதுவும் இல்லை, அந்தத் தமிழ் பிடிக்கும். ஒலி எப்படிக் கேட்கிறது என்று கடிதம் எழுதிப் போடுவார். பதிலுக்குக் காகித வெட்டுப் பூக்கள் வரும், வாழ்த்து அட்டை வரும். தபால்காரர் அந்த உறையைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். 1962 போர் ஊரில் யாருக்கும் மறந்திருக்கவில்லை. 1981இல் ஒரு காலண்டர் வந்தது. கோதுமைக் கதிர்க் கட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெண். யார் வரைந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மாமா அதைத் திண்ணையில் வெளிச்சத்தில் வைத்து, கன்னத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். சுட்டுவிரலால் காற்றிலேயே வட்டமாகத் தேய்த்துப் பார்த்தார்.

“பிரஷ் வெச்சு இழுத்தது இல்லடா இது. தேய்ச்சிருக்கான். சோப்பு விளம்பரம் எழுதின கை.”

எனக்கு அப்போது பதினொரு வயது. மாமாவுக்கு ஷாங்காய் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்புவரை. லி முபாயின் பெயரை நான் படித்தது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து. படித்ததும் மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிகரெட் காலண்டர் வரைந்தவர்கள்தான் பிறகு விவசாயப் பெண்களை வரைந்தார்கள் மாமா என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “பின்ன வேற யாரு வரைவா?” என்றார். உங்கள் கட்டுரைக்கு ஒரு முதல் வரி வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், மாமா கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த ஆண்டு மழைக்கு முன்னால் ஓர் உரக் கம்பெனிக்குச் சுவர் எழுதும் வேலை வந்தது. தேர்தலுக்கு எழுதிய சின்னம் இன்னும் அழியாத சுவர். அதன்மேல் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தோம். நான் நூல் பிடித்தேன். மாமா அந்தச் சீனப் படத்தில் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருந்தார், இப்போதும் பெட்டியில் இருந்த படத்தில் அந்தக் கோடுகள் மங்கலாகத் தெரிகின்றன. கோதுமையை நெற்கதிராக மாற்றினார். சட்டையை எடுத்துவிட்டுச் சிவப்புச் சேலை கட்டிவிட்டார், நெற்றியில் பொட்டு வைத்தார். கன்னத்துக்கு வந்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, பழைய வேட்டித் துணியைச் சுருட்டி, காய்வதற்குள் வட்ட வட்டமாகத் தேய்த்தார். ஒரு கன்னத்துக்கு அரை மணி நேரம் ஆனது. கம்பெனி ஆள் பார்த்துவிட்டு எந்த நடிகை என்று கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து, நீலக் கோடுகளைத் துடைக்க ஆரம்பித்தார். மூன்று மழைக்காலம் அவள் அந்தச் சுவரில் இருந்தாள்.